நெற்றியில் காட்டும் மெஷின் ‘காய்ச்சல் இல்லை’ என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இந்த வாரம் முதல் காலையில் வாசலிலேயே பிள்ளைகளின் நெற்றிக்கு நேராக மெஷினைக் காட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுகிறார்கள். காய்ச்சல் பரவுகிற நேரத்தில் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதே மாதிரி ஒரு மெஷின் சொன்ன எண்ணை நம்பியிருந்தால் என் பேத்தி இன்று எங்கள் வீட்டில் தவழ்ந்துகொண்டிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தான். கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அத்தனை வருடமும் தினமும் தவறாமல் செய்த ஒரே வேலை தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது. மாட்டுக்கு வாய் இல்லை, எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. அதன் சார்பில் பேசுவது அந்தக் கண்ணாடிக் குச்சி ஒன்றுதான். இரண்டு மாதக் குழந்தையும் அப்படித்தானே.

போன சித்திரையில் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் எங்களோடுதான் இருந்தாள். பேத்திக்கு அன்று ஐம்பத்திரண்டாவது நாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை, சும்மா முனகிக்கொண்டு கிடந்தது. உச்சி நேரத்தில் என் மனைவி குழந்தையின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, புள்ளைக்கு மேலு கொதிக்குதுங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றாள். பக்கத்து டவுனில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். வெயில் தாங்காது என்று காரில் ஏ.சி.யை வழி நெடுக வைத்திருந்தோம். போகிற வழியில் என் மகள் ஈரத்துணியால் குழந்தையின் முகத்தை இரண்டு மூன்று தடவை துடைத்தாள். கிளினிக்கில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள்.

மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து குழந்தையின் நெற்றியில் மெஷினைக் காட்டினாள். 98.1. சீட்டில் அதை எழுதிவிட்டு, “காச்சல் ஒண்ணுமில்லீங்க. வெயிலுக்குத்தான் பால் குடிக்க மாட்டேங்குது. டாக்டர் பொழுதோட வருவாருங்க, அப்ப வேணும்னா வாங்க” என்றாள்.

“அம்மிணி, ஒருக்கா கக்கத்துல வெச்சுப் பாரு” என்றேன்.

“அதெல்லாம் இப்ப யாரும் வெக்கறதில்லீங்க ஐயா. எங்ககிட்ட இதுதான் இருக்குது.”

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குக் கொடுத்திருந்தது அது ஒன்றுதான், அது காட்டிய எண்ணைத்தான் அவள் சொன்னாள். எதிரிலேயே மெடிக்கல் ஷாப் இருந்தது. இருநூறு ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன். காருக்குள் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிவிட்டு, மடியில் குழந்தையைப் போட்டு, கக்கத்தைக் காய்ந்த துண்டால் ஒற்றி ஈரம் போக்கினேன். தெர்மாமீட்டரின் முனை கக்கத்துக் குழியில் நன்றாகப் பதியும்படி வைத்தேன். என் மனைவி குழந்தையின் கையை உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பீப் சத்தம் வந்தது. 101.3. நம்ப முடியாமல் அடுத்த கக்கத்தில் வைத்தோம். 101.2.

அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை, ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனோம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் வந்தாலே உடனே டாக்டர் பார்த்தாக வேண்டும், வீட்டில் வைத்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று அங்கேதான் சொன்னார்கள். ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்துப் பார்த்ததில் மூத்திரத்தில் கிருமி. அன்று ராத்திரியே நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இப்போது பேத்தி நன்றாக இருக்கிறாள். “பொழுதோட வாங்க” என்ற பேச்சைக் கேட்டு நாங்கள் வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இதில் என்ன தப்பு நடந்தது என்று எனக்கு அன்றே புரிந்தது. மாட்டில் தினமும் பார்த்ததுதான் அது. கட்டுத்தறிக்குப் போனால் தோட்டக்காரர் மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காது சில்லுனு இருக்குதுங்க, காச்சல் இல்லீங்க” என்பார். மாடு மயிர் சிலிர்த்து நடுங்கிக்கொண்டு நிற்கும். வாலைத் தூக்கி ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 105, 106 என்று ஏறும். மாட்டுக்கு நல்ல நிலையில் இருக்கும் சூடு 101.5 டிகிரி சுமாருக்கு. ‘மூன்று நாள் காய்ச்சல்’ என்ற நோய் வந்த மாட்டுக்கு இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. காய்ச்சல் ஏறுகிற நேரத்தில் உடம்பு சூட்டை வெளியே விடாமல் உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கும். அதற்காகத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். காது, கால், மேல்தோல் எல்லாம் குளிர்ந்துவிடும், உள்ளே மட்டும் கொதிக்கும். மனிதருக்கு வரும் குளிர்க்காய்ச்சலிலும் இதேதான். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருப்பவரின் நெற்றியைப் பார்த்துக் காய்ச்சலை அளப்பது, அந்தத் தோட்டக்காரர் காதைத் தொட்டுப் பார்த்த கதைதான்.

பால் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. கன்று போட்ட மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்து வருவது. பெயரில்தான் காய்ச்சல், உடம்புச் சூடு நல்ல நிலையைவிடக் கீழே போய்விடும். தெர்மாமீட்டர் வைக்காமல் பெயரை நம்பிக் காய்ச்சல் மருந்து போட்டால் மாடு கைவிட்டுப் போகும். அதற்கு வேண்டியது நரம்பில் கால்சியம்.

மாட்டில் சரியான இடத்தில் வைத்தால்கூட முறை தவறினால் எண் பொய் சொல்லும். தெர்மாமீட்டரின் முனை சாணத்துக்குள் குத்தி நின்றுவிட்டால் சூடு குறைவாகக் காட்டும். குடலின் ஓரத்தில் சாய்த்து, தசையைத் தொடும்படி வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாட்டுத் தெர்மாமீட்டரின் பின்பக்கம் ஒரு வளையம் இருக்கும். அதில் நூல் கட்டி, நூலின் நுனியில் கிளிப் போட்டு, வால் மயிரில் மாட்டிவிடுவோம். மாடு சாணி போட்டாலும் தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடையாது, உள்ளேயும் போய்விடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பெரிய டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, “எண்ணைப் படிக்கறதுக்கு முன்னாடி எங்கே வெச்சேன்னு பாருப்பா” என்பது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு நடுவில் நின்று பார்க்கும்போதும் அதை நான் விட்டதில்லை.

சரி, நெற்றி மெஷினுக்கு வருகிறேன். 2020-ல் அது ஊருக்குள் வந்தபோது அதிலிருந்து வரும் கதிர் மூளையைக் கெடுக்கும் என்று பேச்சு கிளம்பியது. பலர் நெற்றியைக் காட்டாமல் மணிக்கட்டை நீட்டினார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படையே கிடையாது. எந்த உடம்பும் தன் சூட்டுக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும். மெஷின் அதை வாங்கிப் பார்க்கிறதே தவிர நம் மேல் எதையும் பாய்ச்சுவதில்லை. மெஷினால் ஆபத்து எதுவும் கிடையாது. அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

அது பார்ப்பது தோலின் மேற்பரப்பை மட்டும். நெற்றித் தோல் எப்போதும் உடம்பின் உட்சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அதனால் மெஷின் தான் பார்த்ததை அப்படியே காட்டாமல், உள்ளே போட்டு வைத்திருக்கும் ஒரு கணக்கின்படி கூட்டி, வாயில் வைத்தால் எவ்வளவு இருக்குமோ அதற்கு நெருக்கமான எண்ணாகக் காட்டுகிறது. சாதாரண அறையில், காற்று அடிக்காத இடத்தில், நெற்றி காய்ந்திருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஃபேன் காற்று, ஏ.சி., வியர்வை, ஈரத்துணி, சாந்து, தலைமுடி, தொப்பி, வெயில் இவற்றில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் கணக்கு பிசகிவிடும். என் பேத்தியின் நெற்றியில் ஈரத்துணி, ஏ.சி., ஃபேன் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. சில மெஷின்களில் உடம்புக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று என்று இரண்டு முறைகள் இருக்கும். பொருளுக்கான முறையில் வைத்து மனிதரைப் பார்த்தால் 93, 94 என்றுதான் காட்டும். 2020-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் என் தம்பி மகனுக்கு நாள் தவறாமல் 94 எழுதினார்களாம். 94 டிகிரியில் ஒரு மனிதன் நின்று தையல் மெஷின் ஓட்ட முடியுமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பைக்கில் எதிர்காற்றில் வந்து இறங்கியவுடனே பார்த்திருப்பார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம்.

பேத்தி வீடு திரும்பியதும் நானே அதே மாதிரி மெஷின் ஒன்று வாங்கினேன். பதினெட்டு நாள் நோட்டுப் போட்டு எழுதினேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் கிடையாது. விடிகாலையில் கட்டிலில் இருந்து எழுவதற்கு முன்னால் பார்த்தால் நெற்றி 97.2, கக்கம் 97.3. பரவாயில்லை, ஒத்துப்போகிறது. மதியம் ஒரு மணிக்குக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) எருமைகளை ஓட்டிவிட்டுத் திண்ணைக்கு வந்தவுடன் பார்த்தால் நெற்றியில் 100.6, கக்கத்தில் 98. முகம் கழுவிவிட்டு உடனே பார்த்தால் நெற்றியில் 95.4. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்தால் 97.9. ஒரே மனுசன், ஒரே மெஷின், முக்கால் மணி நேரத்துக்குள் ஐந்து டிகிரிக்கு மேல் ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் கக்கத்தில் கால் டிகிரிகூட மாறவில்லை.

பதிமூன்றாம் நாள் என் மனைவிக்கே காய்ச்சல் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். நெற்றியில் 98.4, கக்கத்தில் 100.8. முக்கால் மணி நேரம் கழித்து நடுக்கம் விட்டு, மேல் கொதிக்கத் தொடங்கிப் போர்வையை உதைத்துத் தள்ளினாள். அப்போதுதான் மெஷினும் 101.5 என்று காட்டியது. கக்கத்தில் அதற்குள் 102. நடுக்கம் இருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் அவளைப் பள்ளி வாசல் மாதிரி ஓர் இடத்தில் நிற்க வைத்துப் பார்த்திருந்தால், நல்லாத்தான் இருக்குது என்று உள்ளே விட்டிருப்பார்கள்.

வீட்டில் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு நான் ஊரைத் திருத்த வரவில்லை. கோவையில் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கும் என் அண்ணன் மகள் ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்துத் தந்து விளக்கிச் சொன்னாள். 2015-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 75 ஆய்வுகள், எட்டாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள். உடம்பின் மேல்புறத்தில் அளக்கும் தெர்மாமீட்டர்களை உட்சூட்டை நேராக அளப்பவற்றோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் காய்ச்சல் இருந்த நூறு பேரில் மேல்புற அளவு கண்டுபிடித்தது 64 பேரைத்தான். முப்பத்தாறு பேர் தப்பிவிட்டார்கள். காய்ச்சல் இல்லாத நூறு பேரில் தவறாகக் காய்ச்சல் என்று சொன்னது நான்கு பேரைத்தான். இதில்தான் விஷயம் இருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நம் ஊரில் நடப்பது நேர் எதிர். 101 காட்டினால் “மெஷின் சரியில்லை, இன்னொருக்கா பாரு” என்கிறார்கள். 98 காட்டினால் கேள்வியே கேட்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் மேல்புற அளவு என்பதில் காது, வாய், கக்கம் எல்லாமே சேர்த்தி. கக்கமும் உட்சூட்டை அப்படியே சொல்லிவிடாது, வாயில் வைப்பதைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகவே இருக்கும். ஆனால் அது காற்றும் வெயிலும் படாமல் மூடி வைக்கக்கூடிய இடம். ஈரம் துடைத்து, கையை இறுக்கி, பீப் வரும்வரை காத்திருந்தால் ஒரே மாதிரி எண் வரும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதலும் பிறந்து நான்கு வாரம் ஆகாத குழந்தைக்குக் கக்கத்தில் டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் ஐந்து வயது வரை கக்கத்திலோ, காதில் வைக்கும் கருவியிலோ பார்க்கலாம். நெற்றியில் ஒட்டிப் பார்க்கும் பட்டைகளை நம்ப வேண்டாம் என்றே அதில் சொல்லியிருக்கிறது. காதில் வைப்பதைப் பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, காதுத் துளை அவ்வளவு சிறியது. வாயில் வைப்பதானால் டீ, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது டீ குடிக்காதவர் யார்?

98.6 என்ற எண்ணையே ஒரு கோடு மாதிரி பிடித்துக்கொள்கிறோம், அதுவும் சரியில்லை. 1868-ல் லைப்சிக் நகரத்து டாக்டர் கார்ல் வுண்டர்லிக் என்பவர் சுமார் 25,000 நோயாளிகளிடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை கக்கத்தில் அளந்து சொன்ன சராசரி அது. 1992-ல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான பேரிடம் வாயில் அளந்தபோது சராசரி 98.2 என்று வந்தது. காலையில் குறைவு, சாயங்காலம் கூட. விடிகாலை 99.5-ம் பொழுது சாயும் 99.5-ம் ஒன்றல்ல.

பழைய பாதரசத் தெர்மாமீட்டரையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். அது எனக்குச் சம்மதமில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கைப்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன, இந்தியாவும் 2018-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடி இத்தனை வருடம் ஆகியும் அந்த மண்ணில் பாதரசப் பேச்சு ஓயவில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மெஷின்களை 16-லிருந்து 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில், வெயிலும் காற்றும் நேராகப் படாமல் வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கிறது. பார்க்கிற அறையிலேயே மெஷினைப் பத்திலிருந்து முப்பது நிமிடம் முன்கூட்டியே வைத்திருக்கவும் சொல்கிறது. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் எத்தனை என்று உங்கள் நாளிதழைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளி கேட்டில், மர நிழல்கூட இல்லாத இடத்தில், வெயிலில் காய்ந்த மேசை மேல் கிடக்கும் மெஷின் என்ன சொல்லும்?

பள்ளிகளும் அங்கன்வாடிகளும் கிளினிக்குகளும் அந்த மெஷினைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூட்டமாக வருகிறவர்களைத் தொடாமல் சட்டென்று பார்க்க அது உதவும். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வைத்துப் பாருங்கள். பிள்ளை சோர்ந்து இருந்தால், அம்மா மேல் சுடுகிறது என்று சொன்னால், மெஷின் என்ன எண் காட்டினாலும் கக்கத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அம்மாவின் கைக்கு அந்த அளவுக்காவது மதிப்புக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு மெஷினே வேண்டாம், முதலிலேயே கக்கம்தான். இன்னொன்று, இதற்குப் பத்துக் காசு செலவு கிடையாது. சீட்டில் எண்ணை எழுதும்போது பக்கத்திலேயே எங்கே பார்த்தது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ‘98.1 நெற்றி’ என்று எழுதியிருந்தால், சாயங்காலம் வரும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கக்கத்தில் ஒரு தடவை வைக்கச் சொல்லியிருப்பார். வெறும் 98.1 என்று எழுதினால் அவருக்கும் வேறு வழியில்லை. சுகாதாரத் துறை அதிகாரிகள் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினாலே போதும். உங்கள் நாளிதழ் இதை அவர்கள் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போன மாதம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்து, எப்படி வைப்பது என்றும் காட்டிக் கொடுத்தேன். ஆயா அதைத் தொலைந்துபோகாமல் இருக்கச் சிவப்பு நூலில் கட்டி, எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நேற்றுப் போனபோது ஒரு பையனின் சட்டைக்குள் அதை வைத்துக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “பேசாதீங்கய்யா, இன்னும் பீப் வரலை” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.